பச்சைவீட்டில் வெள்ளரிச் செய்கை: வளியின் வெப்பநிலையைப் பேணும் முறை

வெள்ளரி வெப்ப நாட்டுக்குரிய கொடியாகும். இந்தியாவில் இமயமலைச் சாரலை அடுத்த நிலங்களில் இயற்கையாக வளர்ந்த கொடியிலிருந்தே இன்று பயிரிடப்படும் வெள்ளரி இனங்கள் தோன்றின. பச்சைவீடோ குளிர் நாட்டார் கண்ட ஏற்பாடு. கி.பி. 14 முதல் 37 வரை உரோமாபுரியை ஆண்ட திபேரியு மன்னன் நாடோறும் வெள்ளரியை விரும்பி உண்டான். அவனுடைய தோட்டக்காரர் சில்லுகள் பூட்டிய பாத்திகளிற் கொடிகளை வளர்த்து, வெயில் நாட்களில் வெளியே தள்ளியும், குளிர் நாட்களில் ஒளி புகும் கற்றகடுகளால் மூடிய சட்டங்களுக்குள் வைத்தும் பேணினர் என்று பிளினி என்னும் உரோம நூலாசிரியர் எழுதியுள்ளார். அன்று தொட்டு இன்றைய ஒல்லாந்து தேசத்துக் கண்ணாடி வீடுகள் வரை, குளிர் நாடுகளில் பச்சைவீட்டின் முதல் வேலை வெயிலின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதேயாகும்.

இலங்கையின் நிலைமை வேறு. இத்தீவு வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையிற் கிடக்கின்றது. இங்கு வெயிலுக்குக் குறைவில்லை. மழையைத் தடுத்தல், பூச்சிகளை விலக்கல், நீரையும் பசளையையும் அளவறிந்து கொடுத்தல் ஆகிய நன்மைகளைக் கருதியே இங்கு பொலித்தீன் வீடுகள் அமைக்கப்படுகின்றன. ஆயினும் வீடு தன் இயல்பை விடுவதில்லை. வேண்டினும் வேண்டாவிடினும் அது வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

சட்டகம், பொலித்தீன், வலை, விதை, நீர்க்குழாய் என்று பெரும் பணத்தைச் செலவிட்ட கமக்காரர், பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்வதைக் காணும்போது விதையையோ பசளையையோ குறைகூறுவதுண்டு. பல வேளைகளிற் குறை வீட்டினுள் இருக்கும் வளியிலேயே உள்ளது. அவ்வளியின் வெப்பநிலையை அறிந்து ஆளும் முறை இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது. இதிற் குறிக்கப்படும் வெப்பநிலைகள் யாவும் செல்சியசுப் பாகைகளாகும்.

வெள்ளரிக்கு உகந்த வெப்பநிலை

விதை முளைப்பதற்கு 25 முதல் 30 பாகை வரை உகந்தது. 15 பாகைக்குக் கீழ் முளைத்தல் மிகவும் தாமதிக்கும். விதைகள் பல அழுகிப் போகும். வளர்ந்த கொடிக்குப் பகலில் 24 முதல் 28 பாகையும், இரவில் 18 முதல் 20 பாகையும் நன்று. வெப்பநிலை 12 பாகையளவுக்கு இறங்கினால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 10 பாகைக்குக் கீழ் நெடுநேரம் நிற்குமாயின் இலையும் காயும் குளிரினால் ஊறுபடும். 35 பாகைக்கு மேல் நீடிக்குமாயின் மகரந்தம் வலியிழக்கும், பிஞ்சுகள் உதிரும், எஞ்சிய காய்கள் வளைந்தும் ஒருபுறம் சிறுத்தும் போகும், காம்புப் பக்கத்திற் கசப்பு ஏறும். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியிற் பூக்கும் இனங்களில், வெப்பம் மிகுந்தால் ஆண்பூக்கள் பெருகிப் பெண்பூக்கள் குறையும்.

இரவின் வெப்பநிலை பகலினும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. பகலில் இலைகள் வெயிலின் உதவியால் மாவுணவை ஆக்குகின்றன. இரவில் ஆக்கம் இல்லை. ஆயினும் சுவாசம் ஓயாது நடைபெறும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தாற் சுவாசச் செலவு ஏறக்குறைய இருமடங்காகின்றது. ஆகவே, இரவு வெக்கையாக இருந்தால் பகலில் ஈட்டியதைக் கொடி இரவிலேயே செலவழித்துவிடும். காய்க்குப் போய்ச் சேருவது குறையும்.

கொடி புதிய இலைகளை விடும் வேகமும், காய் பருக்கும் வேகமும் 24 மணி நேரத்துச் சராசரி வெப்பநிலையையே தழுவி நிற்கின்றன. இச்சராசரி 21 முதல் 25 பாகைக்குள் இருப்பது விரும்பத்தக்கது. நல்ல வெயில் எறிக்கும் நாளிற் சற்று உயர்ந்தாலும் பாதகமில்லை. மந்தாரமான நாளில் ஒளி குறைவாதலின் வெப்பமும் குறைவாக இருத்தல் வேண்டும். ஒளியின்றி வெப்பம் மாத்திரம் மிகுந்தால் கொடி மெலிந்து நீளும்.

வெப்பநிலையை அளத்தல்

வீட்டினுள் நுழைந்ததும் உடம்பிற் படும் வெக்கையைக் கொண்டு மதிப்பிடுவது போதாது. பச்சைவீடு வைத்திருப்போர் யாவரும் முதலில் வாங்க வேண்டிய கருவி உயர்வு இழிவு வெப்பமானியாகும். ஒரு நாளில் ஏறிய உச்ச வெப்பநிலையையும், இறங்கிய இழிவு வெப்பநிலையையும் இக்கருவி காட்டும்.

வெப்பமானியை வெயிலிற் தொங்கவிட்டால் அது வளியின் வெப்பநிலையைக் காட்டாது. வெயிலிற் காய்ந்த தன் வெப்பநிலையையே காட்டும். எனவே, பக்கங்களிற் காற்றுப் புகக்கூடிய வெண்ணிறச் சிறு பெட்டியினுள் அதனை வைத்தல் வேண்டும். பெட்டி கொடியின் நுனி நிற்கும் உயரத்திற் தொங்க வேண்டும். கொடி உயர உயரப் பெட்டியும் உயர்த்தப்படல் வேண்டும். வீட்டின் நடுவிலேயே வெப்பம் மிகுமாதலின் நடுவில் ஒன்றும், இயலுமாயின் வாயிலருகில் மற்றொன்றும் வைப்பது நன்று.

நாடோறும் காலையில் இரு அளவுகளையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்க. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்நாளின் சராசரி பெரும்பாலும் கிடைக்கும். உச்சம் 36 பாகையும் இழிவு 24 பாகையும் ஆயின் சராசரி 30 பாகை, இது மிகை. உச்சம் 30 பாகையும் இழிவு 18 பாகையும் ஆயின் சராசரி 24 பாகை, இது நன்று. பிஞ்சு உதிரும் நாளில் இக்கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினால் காரணம் பெரும்பாலும் தெரியவரும்.

வீடு சூடாவது ஏன்?

நண்பகலில், முகிலில்லாத வேளையில், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழும் வெயிலின் வலு ஏறக்குறைய ஒரு கிலோவாற்று ஆகும். 1,000 சதுர அடிப் பரப்புள்ள வீடு 93 சதுர மீற்றர் கொண்டது. ஆகவே அதன்மேல் நண்பகலில் விழும் வெயில், ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் தொண்ணூறு ஒருங்கே எரிவதற்குச் சமம். இதில் ஒரு பகுதியைக் கூரைப் பொலித்தீன் திருப்பிவிடும். எஞ்சியது உள்ளே புகுந்து நிலத்திலும் இலையிலும் வளியிலும் வெப்பமாக மாறும். வெளியே இவ்வெப்பம் காற்றோடு போய்விடும். மூடிய வீட்டில் அதற்கு வழியில்லை. காற்றோட்டமற்ற வீட்டினுள் நண்பகலில் வெப்பநிலை வெளியிலும் 10 பாகைக்கு மேல் உயரக்கூடும்.

காற்றோட்டம்

வெப்பத்தை வெளியேற்றுவதிற் காற்றோட்டமே முதன்மையானது. அதற்கு எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எனினும் வீட்டைக் கட்டும்போதே அதற்கு வழிசெய்தல் வேண்டும். பின்னர் திருத்துவது கடினம்.

வெப்பமடைந்த வளி பாரங்குறைந்து மேலெழும். அது வெளியேறக் கூரைமுகட்டில் நீளவாட்டில் திறப்பு இருத்தல் வேண்டும். பக்கச் சுவர்களிலும் வலையிட்ட திறப்புகள் இருந்தாற் குளிர்ந்த வளி கீழாற் புகுந்து, வெப்பவளியை முகட்டினால் வெளியே தள்ளும். பக்கத் திறப்பு மாத்திரம் இருந்து முகடு மூடியிருக்குமாயின், காற்றில்லாத நாளிற் கொடியின் நுனி நிற்கும் இடத்திலேயே வெக்கை தேங்கும். திறப்புகளின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பின் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாதிருத்தல் நன்று.

வீட்டின் உயரமும் முக்கியமானது. பதிந்த வீட்டிற் கூரைக்கடியில் தேங்கும் வெப்பம் கொடியின்மேல் இறங்கும். பக்கச் சுவர் 12 அடிக்குக் குறையாது உயர்ந்தால் அவ்வெப்பம் கொடிக்கு மேலே நிற்கும். அகலம் மிகுந்த வீட்டின் நடுவே காற்றுச் செல்வது அரிது. ஆதலால் ஒரு பெரிய அகன்ற வீட்டிலும், இடைவெளிவிட்டு அமைத்த இரு ஒடுங்கிய வீடுகள் மேலானவை.

பூச்சிகளைத் தடுக்கும் வலையின் கண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு காற்றையும் அது தடுக்கும். வெண்ணீயையும் பனிப்பூச்சியையும் தடுக்க நுண்வலை கட்டுவோர், குறையும் காற்றுக்கு ஈடாக வலைப்பரப்பைப் பெருக்குதல் வேண்டும். புழுதி படிந்த வலை பொலித்தீனைப் போலவே காற்றை மறிக்கும். எனவே வலைகளை இடையிடையே நீர்விட்டுக் கழுவுக.

நிழலிடுதல்

காற்றோட்டம் போதாத மாதங்களில் நிழல் வலை உதவும். வெயிலில் 30 முதல் 50 வீதம் வரை மறைக்கும் வலைகள் கிடைக்கின்றன. வலையைக் கூரைக்கு வெளியே, கூரையிற் படாது உயர்த்திக் கட்டுதல் வேண்டும். உள்ளே கட்டிய கரிய வலை, புகுந்த வெயிலைத் தானே ஏற்றுச் சூடாகி, அவ்வெப்பத்தை வீட்டினுள்ளேயே விடும். உள்ளே கட்டத்தான் வேண்டுமாயின் வெண்ணிற வலையே தகும்.

நிழலுக்கும் ஒரு விலை உண்டு. ஒளி குறைந்தால் உணவாக்கமும் குறையும், விளைவும் குறையும். ஆகவே நிழல் வலை எந்நாளும் விரித்தபடி இருத்தல் ஆகாது. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, அதுவும் வெயில் கடுமையான நாட்களில் மாத்திரம் விரித்து, ஏனைய வேளைகளிற் சுருட்டி வைத்தல் வேண்டும்.

கொடியே வீட்டைக் குளிர்விக்கும்

ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடன்கொண்டு செல்கின்றது. இவ்வெப்பம் ஏழு லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து கொதிக்கச் செய்யப் போதுமானது. முற்றாக வளர்ந்த வெள்ளரிக் கொடி நல்ல வெயில் நாளில் 2 முதல் 3 லீற்றர் வரை நீரை உறிஞ்சி, அதிற் பெரும்பகுதியை இலைகளினூடாக ஆவியாக விடுகின்றது. 1,000 சதுர அடி வீட்டில் 200 கொடிகள் நின்றால், அவை நாளொன்றுக்கு 400 முதல் 600 லீற்றர் வரை நீரைக் கையாளுகின்றன. இதற்கு ஈடான குளிர்விக்கும் பொறி வேறில்லை.

இதிலிருந்து மூன்று பாடங்கள் பெறப்படும். முதலாவது, நண்பகலில் நீர் தட்டுப்படலாகாது. நீர் குறைந்தால் இலைத் துளைகள் மூடிக்கொள்ளும், ஆவியாதல் நிற்கும், கொடியும் வீடும் ஒருங்கே சூடேறும். நாள் முழுவதற்குமான நீரை ஒரே முறையில் விடாது, பல முறை சிறிது சிறிதாக விடுதல் வேண்டும். இரண்டாவது, கோடையில் இலைகளை மிகையாகக் கழித்தல் ஆகாது. முதிர்ந்த, நோயுற்ற அடியிலைகளை மாத்திரம் நீக்குக. மூன்றாவது, நாற்று நட்ட முதல் வாரங்களில் இலைகள் குறைவாதலின் அப்போதே வீடு மிகவும் சூடாகும். நிழல் வலை பெரிதும் வேண்டப்படுவது அக்காலத்திலேயாகும்.

நீர்த்தூவல் உதவும் இடமும் உதவாத இடமும்

மென்புகார் போல நீரைத் தூவியும், ஈரத்தட்டியினூடாக விசிறியாற் காற்றை இழுத்தும் வீட்டைக் குளிர்விக்கும் முறைகள் உண்டு. இவை வளி உலர்ந்திருக்கும் இடத்திலேயே நற்பயன் தரும். வெளிவளி 35 பாகையும் ஈரப்பதன் 45 வீதமும் ஆயின், நீரை ஆவியாக்கி ஏறக்குறைய 25 பாகை வரை இறக்குதல் கொள்கையளவில் இயலும். வளி 32 பாகையும் ஈரப்பதன் 80 வீதமும் ஆயின் 29 பாகைக்குக் கீழ் எவ்வாற்றானும் இறங்காது. கடலோரப் பகுதிகளில் மழைக்காலத்து வளி இத்தகையது. அங்கு நீர்த்தூவற் கருவிக்குச் செலவிடும் பணம் இலையை நனைத்து நோயை வளர்க்கவே உதவும்.

உலர் வலயத்தில் வறண்ட காற்று வீசும் மாதங்களின் நண்பகலில் இம்முறை பயன் தரும். ஆயினும் தூவிய நீராவி வெளியேறத் திறப்புகள் திறந்திருத்தல் வேண்டும். பிற்பகலில் இலைகள் இரவுக்கு முன் உலரும்வண்ணம் நேரத்தோடு நிறுத்துதலும் வேண்டும்.

மலைநாட்டில் இரவுக் குளிர்

கடல்மட்டத்திலிருந்து 1,000 அடி ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறக்குறைய 2 பாகை குறைகின்றது. கொழும்பில் ஆண்டுச் சராசரி 27 பாகையை அடுத்திருக்க, 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் அது 16 பாகையளவாகும். அங்கு சனவரி, பெப்புருவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் உறைபனியும் விழுவதுண்டு. மலைநாட்டுக் கமக்காரருக்குப் பகலில் வெப்பத்தை விடுதலும், மாலையில் அதனைப் பேணுதலும் ஆகிய இரு வேலைகள் உள.

பக்கத் திரைகளை வெயில் சாயும் பிற்பகல் 4 மணியளவில் இறக்கினால், நிலத்திற் சேர்ந்த வெப்பம் இரவின் முற்பகுதிக்கு உதவும். எனினும் சாதாரண பொலித்தீன், நிலத்திலிருந்து வானை நோக்கி எழும் வெப்பக் கதிர்களைப் பெரிதும் தடுப்பதில்லை. காற்றற்ற தெளிந்த இரவில் வீட்டினுள் வெளியிலும் குளிராக இருத்தலும் கூடும். கொடிகளின் மேல் கிடையாக ஒரு மெல்லிய திரையை இரவில் விரித்து வைத்தால் இவ்விழப்பு குறையும்.

ஈரமும் ஒரு பகையாகும். முற்றாக மூடிய வீட்டில் இரவில் நீராவி தேங்கி இலையிற் பனியாகப் படியும். இலை சில மணிநேரம் நனைந்திருந்தாற் கீழ்ப்பூஞ்சண நோய் தொற்றும். 15 முதல் 20 பாகை வரையுள்ள வெப்பநிலை அதற்கு மிக உகந்தது. ஆகவே குளிர் இரவிலும் முகட்டுத் திறப்பை ஒரு சாண் அளவாவது திறந்து வைத்தல் வேண்டும். காலையில் வெயில் ஏறும்போது வளி விரைவிற் சூடாகும். கனத்த காய் மெல்லவே சூடாகும். அவ்வேளையிற் காயின்மேல் நீர் வியர்த்து நோய்க்கு இடமளிக்கும். வெயில் ஏறுமுன்னரே திறப்புகளைச் சிறிது சிறிதாகத் திறந்தால் இது தவிர்க்கப்படும்.

வேரின் வெப்பநிலை

தென்னந்தும்புத்தூள் நிரப்பிய பைகளில் வெள்ளரி வளர்க்கும்போது வேரையும் கவனித்தல் வேண்டும். வேருக்கு 20 முதல் 25 பாகை வரை நன்று. கரிய பை வெயிலைக் குடித்து மிகவும் சூடேறும். வெளிப்புறம் வெண்மையான பைகளையே வாங்குக. வெயிலிற் கிடக்கும் கரிய குழாயில் தேங்கிய நீர் கைபொறுக்காத சூடடையும். அந்நீரை அப்படியே கொடியின் அடியில் விடுதல் வேரைச் சுடுவதாகும். குழாய்களை நிலத்திற் புதைத்தோ நிழலிட்டோ வைத்து, நீர்த்தாங்கியையும் நிழலில் அமைத்தல் வேண்டும். சூடேறிய நீரில் ஒட்சிசன் குறையும். அந்நிலையில் வேரழுகல் எளிதிற் பற்றும்.

இடமும் காலமும் அறிதல்

மேற்கூறியவற்றை எண்ணிப் பார்க்கின், எல்லா இடத்துக்கும் ஒரே வகை வீடு பொருந்தாது என்பது தெளிவாகும். வெலிமடை, பண்டாரவளை போன்ற இடைப்பட்ட உயரங்களில் நல்ல முகட்டுத் திறப்புள்ள பொலித்தீன் வீடு வெள்ளரிக்கு மிகவும் இசைவானது. யாழ்ப்பாணம், வவுனியா, அநுராதபுரம் ஆகிய தாழ்ந்த வெப்பப் பகுதிகளில் நாற்புறமும் பொலித்தீனால் மூடிய வீடு அடுப்பாகவே மாறும். அங்கு மழைக்குக் கூரையும், பக்கங்கள் முழுவதும் வலையும் கொண்ட உயர்ந்த கொட்டகையே போதும். அது செலவிலும் குறைந்தது, வெப்பத்திலும் குறைந்தது.

இப்பகுதிகளில் ஏப்பிரல், மே மாதங்களில் வெக்கை உச்சம் அடைகின்றது. திசெம்பர் முதல் பெப்புருவரி வரை இரவுகள் ஓரளவு குளிர்ந்திருக்கும். நாற்று நடும் நாளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, காய்ப் பருவம் அக்குளிர் மாதங்களில் அமையச் செய்தல் எவ்விதக் கருவியினும் மலிவான குளிர்விப்பாகும். வெக்கை மிகுந்த வாரங்களிற் கொடியிற் பிஞ்சுகளைக் கழித்து எண்ணிக்கையைக் குறைத்தால், எஞ்சியவை செவ்வையாகப் பருக்கும்.

நாளாந்தக் கடமைகள்

1. அதிகாலையில் உயர்வு, இழிவு அளவுகளைக் குறித்து, திறப்புகளைச் சிறிது சிறிதாகத் திறக்குக.

2. வெயில் ஏறியதும் முதல் நீரை விடுக. குழாயில் தேங்கிய சூடான நீரைப் பாத்திக்கு வெளியே விட்ட பின்னரே கொடிகளுக்குப் பாய்ச்சுக.

3. வெப்பநிலை 28 பாகையைத் தாண்டுமுன் எல்லாத் திறப்புகளும் முற்றாகத் திறந்திருத்தல் வேண்டும்.

4. 32 பாகையைத் தாண்டுமாயின் நிழல் வலையை விரித்து, நீர் விடும் முறைகளைப் பெருக்குக.

5. பிற்பகலில் நிழலைச் சுருட்டி, இலைகள் இருளுமுன் உலர்ந்துள்ளனவா என்று பார்க்க.

6. மலைநாட்டில் மாலை பக்கத் திரைகளை இறக்குக. முகட்டை முற்றாக மூடற்க. தாழ்நாட்டில் இரவு முழுவதும் யாவற்றையும் திறந்தே வைக்குக.

இவற்றுட் பெரும்பாலானவை பணம் வேண்டாதவை, கவனமே வேண்டுபவை. திறப்பைத் திறக்க மறந்த ஒரு நண்பகல், பல நாள் உழைப்பிற் பிடித்த பிஞ்சுகளை ஒருங்கே உதிர்த்துவிடும். புதிதாகப் பச்சைவீடு அமைக்க எண்ணுவோர், சட்டகத்துக்கு முற்பணம் கொடுக்குமுன், ஓர் உயர்வு இழிவு வெப்பமானியை வாங்கி, வீடு எழும்ப வேண்டிய நிலத்தில் நிழலில் வைத்துச் சில வாரங்கள் அளந்து பார்ப்பாராக. அவ்வளவுகளோடு தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசித்தால், அந்நிலத்துக்கு எவ்வகை வீடு தகும் என்பதையும், வீடே வேண்டுமா என்பதையும் ஐயமறத் துணியலாம்.